மூன்று அங்குலம் இறக்கிய கூரையும் முன்கண்ணாடிப் பட்டையும்: ஒரு பட்டறை அனுபவம்

என் பழைய காரின் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து, கூரையை மூன்று அங்குலம் இறக்கினேன். அதனால் முன்கண்ணாடியைச் சுற்றி வரும் பட்டையையும் குறைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்து தந்த பட்டறையைப் பற்றியது இது. முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. போன ஒன்றில் பாதி என் தப்பு. மீதிப் பாதி அவர்களுடையது. குறை சொல்லப் போவதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. பழைய கார்களின் ஸ்டெயின்லெஸ் அலங்காரப் பட்டைகளை ஒடுக்கெடுத்து, வெட்டி ஒட்டி, பாலிஷ் போட்டுத் தருவது மட்டுமே அவர்கள் தொழில். மூன்று பேர் வேலை பார்க்கும் இடம். பெரியவர் ஒருவர்தான் வெல்டிங். எல்லாம் கூரியரில்தான் போய் வந்தது, நேரில் பார்த்ததில்லை.

வண்டி 1951 ஃபோர்டு, இரண்டு கதவு. 1949 முதல் 51 வரை வந்த இந்த உடலை ‘ஷூபாக்ஸ்’ என்பார்கள். பெயருக்கேற்ற மாதிரி செருப்பு டப்பாதான். முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு தண்டு. ஒரே துண்டாக வளைந்த கண்ணாடி 1952 மாடலில்தான் வந்தது. கூரையை அறுத்து இறக்க நினைப்பவனுக்கு இந்த இரண்டு துண்டுக் கண்ணாடி பெரிய உபகாரம். தட்டையான லேமினேட்டட் கண்ணாடியை இரண்டு பக்கமும் கீறி உடைத்து, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக்கி பிளேடால் அறுத்துவிடலாம். வளைந்த கண்ணாடியில் அதே காரியத்தைச் செய்யப் போய், முக்கால்வாசி தூரம் வந்தபின் விரிசல் குறுக்கே ஓடினால் அழுகைதான் வரும்.

கூரையை எதற்கு இறக்க வேண்டும் என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், ம்யூராக், எல் மிராஜ் போன்ற இடங்களில் பந்தயம் ஓட்டியவர்கள், காற்று மோதும் பரப்பைக் குறைக்கக் கூரையை வெட்டினார்கள். வேகத்துக்காகச் செய்தது போகப் போக அழகுக்காக ஆகிவிட்டது. 1952-ல், கார்களை உருமாற்றித் தரும் பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறையில் பாப் ஹிரோஹாட்டா என்பவரின் 1951 மெர்க்குரி கார் கூரை இறங்கி வெளியே வந்தபோது, அது பந்தய வண்டியே இல்லை. சும்மா நின்றாலே ஓடுவது போல இருக்கும், அவ்வளவுதான். என் பதிலும் அதுதான். அவள் ஏற்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூண்களை அறுப்பது, கூரையைப் பொருத்துவது, பட்டி வைத்துத் தேய்ப்பது எல்லாம் நானே செய்தேன். (பட்டறையில் பட்டி என்றால் பூசித் தேய்க்கிற பட்டி. இந்தக் கட்டுரை முழுக்கப் பட்டை என்று நான் சொல்வது கண்ணாடியைச் சுற்றி வரும் ஸ்டெயின்லெஸ் சட்டத்தை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்தப் பட்டையில் மட்டும் கை வைக்கப் பயம். தகடு ஒரு மில்லிகூடத் தடிமன் இல்லை. ஓட்டை உடைசல் பட்டை ஒன்றை வாங்கி வந்து டிக் (TIG) வெல்டிங்கில் ஒத்திகை பார்த்தேன். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெடலைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன், பட்டாணி அளவு ஓட்டை. குறைத்தேன், ஒட்டவில்லை. மூன்றாவது தடவை ஒட்டியது, ஆனால் பட்டை வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் சூட்டைச் சரியாகக் கடத்தாது, வைத்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். அதோடு இரும்பைவிட அதிகமாக விரியும். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான். மூடி வைத்துவிட்டு ஆள் தேடினேன்.

பட்டையை எவ்வளவு குறைப்பது என்பதில் முதல் கண்டம். கூரை இறங்கியது 3 அங்குலம். அப்படியானால் பக்கப் பட்டையில் 3 அங்குலம் வெட்டினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முன்கண்ணாடி செங்குத்தாக நிற்கவில்லையே, சாய்ந்திருக்கிறது. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த தூண் என்று வையுங்கள். கூரை நேர்கீழே 3 அங்குலம் வர வேண்டுமென்றால் தூணின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றரை அங்குலம் போக வேண்டும். கண்ணாடிக்கும் பட்டைக்கும் அதே கணக்கு. போதாததற்கு, மேலே போகப் போகக் கார் குறுகும். கூரை கீழே வரும்போது தூணின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று நேராக வராது. சிலர் கூரையை நடுவில் பிளந்து நீட்டுவார்கள், சிலர் தூணைச் சாய்ப்பார்கள். நான் கொஞ்சம் சாய்த்தேன். அதனால் மேல்மூலையின் கோணமும் லேசாக மாறியது. கையில் இருந்த எந்தக் கணக்கும் இனி உதவாது, வார்ப்புரு எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை.

ஹார்ட்போர்டில் கண்ணாடி அளவுக்கு இரண்டு துண்டு அறுத்து, கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பீடிங்கில் செருகி, வண்டியில் உட்கார வைத்து, பட்டை ஓடும் பாதையை அதன் மேலேயே காகிதத்தில் வரைந்தேன். பழைய பட்டைகள், காகித வார்ப்புரு, வெட்ட வேண்டிய இடத்தில் மார்க்கர் கோடு. எல்லாவற்றையும் பிவிசி குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி அனுப்பினேன். அட்டைப் பெட்டியில் அனுப்பாதீர்கள், இவ்வளவு மெல்லிய தகடு வழியிலேயே மடங்கிவிடும்.

குழாய் போய்ச் சேர்ந்த மறுநாள் பெரியவர் போன் செய்தார். இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, “கோடு ஏன் நட்டநடுவில் போட்டிருக்கிறீர்கள்?” மூலையின் வளைவு அப்படியே இருக்கட்டும் என்று நேரான பகுதியில் போட்டேன் என்றேன். மூலையைத் தொடாதது சரிதான், ஆனால் பட்டை கீழே அகலம், மேலே ஒடுக்கம், நடுவில் மூன்றரை அங்குலத்தை எடுத்துவிட்டால் இரண்டு முனைகளும் ஒரே அகலமாக இருக்காது, படி விழும் என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. வெர்னியர் வைத்து அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், வெறும் கண்ணால் பார்த்துவிட்டுக் கோடு போட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் மேலே, அகலம் மெதுவாக மாறும் இடத்தில் அவர் வெட்டினார். மிச்ச வித்தியாசத்தை அகலமான முனையில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு அச்சின் மேல் வைத்துத் தட்டித் தட்டி ஒடுக்கியிருக்கிறார். ஒரு சாணில் ஒரு மில்லி குறைந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இரண்டாவது கேள்வி, “ரப்பர் போட்டு அளந்தீர்களா, போடாமலா?” போட்டுத்தான் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். இந்தக் கேள்வி பின்னால் வரும்.

ஐந்து வாரம் என்று சொன்னது பதினொரு வாரம் ஆனது. அவர்கள் கணக்கில் நான் கழித்த அரை மதிப்பெண்ணின் பெரும்பகுதி இதற்குத்தான். தாமதம் ஆனால் பரவாயில்லை, கைவேலை அப்படித்தான். ஆறாவது வாரத்திலிருந்து நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவர்களாக ஒரு வரி எழுதவில்லை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க நாள் குறித்து வைத்திருந்தேன். பெயிண்டுக்கு முன்னால் பட்டையை ஒருமுறை வைத்துப் பார்த்தால்தான், கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பில் மேடு பள்ளம் இருந்தால் திருத்த முடியும். அந்த நாள் தள்ளிப் போனது.

வந்தபின் ஷெட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று பக்கப் பட்டையைக் கையில் எடுத்தேன். பாலிஷ் போட்ட தகட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் தகட்டைப் பார்க்க மாட்டார்கள், அதில் விழும் விளக்கைப் பார்ப்பார்கள். பட்டையை மெல்லச் சாய்த்தால் டியூப்லைட்டின் பிம்பம் வெள்ளைக் கோடாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். எங்கே கோடு நெளிகிறதோ அங்கே ஒடுக்கு, எங்கே கோடு தடிக்கிறதோ அங்கே அரைத்த பள்ளம். நான் வெல்டைத் தேடினேன். கோடு ஓடியது, நெளியவே இல்லை. திருப்பி வைத்து உள்பக்கம் பார்த்தபிறகுதான் எங்கே ஒட்டினார் என்று தெரிந்தது. அங்கே அதைத் தேய்க்காமல் விட்டிருந்தார், வேண்டுமென்றேதான் விட்டிருப்பார். வெள்ளிக் கம்பி ஒன்றைப் படுக்க வைத்த மாதிரி ஒரே சீரான வரி. கறுத்துப் பொரிந்த பொருக்கு ஒரு துளி இல்லை. ஸ்டெயின்லெஸ் உருகும்போது பின்பக்கம் காற்று பட்டால் சர்க்கரை கருகியது போலப் பொரிந்து நிற்கும், அங்கேதான் பிற்பாடு உடையும். அது இல்லை என்றால் பின்பக்கமும் காற்று படாமல் ஆர்கான் வாயு விட்டிருக்கிறார் என்று அர்த்தம். வெளியே தெரியாத பக்கத்தில் இவ்வளவு மெனக்கெடுகிறவரிடம் தைரியமாகச் சாமான் கொடுக்கலாம்.

இன்னொன்று. பெட்டியில் சின்னதாக ஒரு பொட்டலம். வெட்டி எடுத்த துண்டுகள் ‘இடது’, ‘வலது’ என்று சீட்டு கட்டி உள்ளே இருந்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் மெல்லிய ஈர்க்கு போல ஒரு கீற்று கத்தரிக்கப்பட்டிருந்தது. வெல்டிங்குக்குக் கடைக் கம்பி போடாமல் அதே பட்டையின் கீற்றையே உருக்கிப் போட்டிருக்கிறார். அதனால்தான் பாலிஷ் போட்டபின் நிறம் மாறித் தெரியவில்லை. என் ஒத்திகைத் துண்டில் கடைக் கம்பியைப் போட்டிருந்தேன். ஒட்டிய இடம் கொஞ்சம் மஞ்சள் பாய்ந்து தனியாகத் தெரிந்தது.

பாலிஷில் ஒரு குறை. அரத்தால் சமன் செய்து, 320-ம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600, 800 என்று தாள் மாற்றித் தேய்த்து, சிசல் நார்ச் சக்கரம், கடைசியில் பருத்தித் துணிச் சக்கரம் என்று போவதுதான் முறை. அதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். மேல்பட்டையின் ஒரு பக்கம் மட்டும் துணிச் சக்கரம் ஓரத்தில் கூடுதல் நேரம் நின்றிருக்கிறது. பட்டையின் முதுகில் ஓடும் கூர்மையான மடிப்பு அந்த இடத்தில் மழுங்கிவிட்டது, உள்ளங்கை அகலத்துக்கு. நகத்தை வைத்து ஓட்டினால் தெரியும். வெல்டிங் பெரியவர் கை, பாலிஷ் வேறு கை என்று நினைக்கிறேன். அதைச் சொன்னபோது மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்டார்கள், அவ்வளவுதான். தேய்ந்துபோன உலோகத்தை யாரும் திருப்பி வைக்க முடியாது.

பளபளப்பு கொஞ்சம் அதிகம் என்பதும் என் அபிப்பிராயம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்தப் பட்டைகள் முகம் பார்க்கும் கண்ணாடி போல இருந்ததில்லை, வெந்நீர்க் குடம் விளக்கிய மாதிரி அடங்கிய பளபளப்பு. ஆனால் ஸ்டெயின்லெஸ் என்பதால்தான் இந்தப் பேச்சே. கொரியப் போரின்போது அமெரிக்காவில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்தது. குரோமுக்கு அடியில் பூசும் நிக்கல் குறைந்ததால் அந்தக் காலத்து குரோம் முலாம் பலதும் சீக்கிரமே உரிந்துவிட்டது. என் பம்பரைப் பார்த்தால் தெரியும். பட்டை மட்டும் எழுபது வருஷம் வெயில் மழையில் கிடந்துவிட்டு, தேய்த்ததும் எழுந்து நிற்கிறது.

இப்போது அந்த ரப்பர் கேள்வி. புது பீடிங் வாங்கி, பக்கவாட்டில் மூன்றரை அங்குலம் குறைத்து, வெட்டு வாயைப் பசை போட்டு ஒட்டி, கண்ணாடியில் மாட்டினேன். பீடிங்கின் வெளிமுகத்தில் ஒரு பள்ளம் ஓடும், பட்டையின் உதடு அதில்தான் உட்கார வேண்டும். மேலே உட்கார்ந்தது. மூலை உட்கார்ந்தது. கீழே வந்தபோது பக்கப் பட்டையின் நுனி கீழ்ப்பட்டையின் மேல் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. இடது பக்கம் 5 மில்லி, வலது பக்கம் 4 மில்லி, நடுவில் கறுப்பு ரப்பர் பல் இளித்தது. இழுத்துப் பார்த்தேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். அதே 5, அதே 4.

வார்ப்புரு எடுத்தபோது ரப்பர் போட்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அது வண்டியோடு வந்த பழைய ரப்பர். காய்ந்து சுருங்கி, கல்லாகிப் போனது. புது ரப்பர் அதைவிடத் தடிமன், அதனால் பள்ளம் ஓடும் சுற்றும் பெரிது. பெரியவர் ‘புது ரப்பரா?’ என்று ஒரு சொல் கூடுதலாகக் கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். நான் ‘பழைய ரப்பர் போட்டு’ என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தாலும்தான். இந்தத் தப்பிலும் ஆளுக்குப் பாதி.

திருப்பி அனுப்பினேன், வெட்டிய துண்டுகளோடு. இந்த முறை புது ரப்பரில் கொஞ்சம் நறுக்கி உள்ளே வைத்தேன். அதே துண்டிலிருந்து கீற்று எடுத்து இரண்டு பக்கமும் நீட்டித் தந்தார்கள். வெல்டிங்குக்கு மட்டும் காசு வாங்கினார்கள், பாலிஷுக்கு வாங்கவில்லை. இரண்டரை வாரத்தில் வந்துவிட்டது. ஆக, ஒவ்வொரு பக்கப் பட்டையிலும் இப்போது இரண்டு ஒட்டு. டியூப்லைட் இன்னும் நெளியவில்லை.

மாட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன், பட்டை நன்றாக இருக்கிறதா என்பது அப்போதுதான் உறுதியாகும். கண்ணாடி, ரப்பர், பட்டை மூன்றையும் மேசையில் போர்வை விரித்து ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். வண்டியில் கண்ணாடி ஏறியபின் பட்டையைச் செருகப் பார்த்தால் புதுப் பெயிண்டில் கீறல் நிச்சயம். ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கினேன். பள்ளத்தில் சோப்புத் தண்ணீர், பட்டையை ஒரு முனையிலிருந்து கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போய், மூலைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்தினேன். ஸ்க்ரூடிரைவரை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஐஸ்கிரீம் குச்சி போதும். பிறகு வண்டியின் தகட்டு விளிம்பைக் கவ்வும் ரப்பரின் உள்பள்ளத்தில் சுற்றிலும் மெல்லிய நைலான் கயிறு, இரண்டு நுனியும் கீழே நடுவில் உள்பக்கமாகத் தொங்க வேண்டும்.

உள்ளே என் மகள், வெளியே நான். அவள் கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகட்டுக்கு மேல் ஏறி உள்ளே விழும். நான் அதே இடத்தில் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போக வேண்டும்.

“அப்பா, இழுக்கவா?”

“மெதுவா. நான் தட்டின இடத்துல மட்டும் இழு.”

கீழ்ப்பக்கம் வந்தது. தூண் ஓரம் வந்தது. மேல்மூலையில் நின்றுவிட்டது. கயிறு வரவில்லை, பட்டை பள்ளத்தைவிட்டு நூலளவு எழும்பியது. “அப்பா, இங்க ஏதோ தூக்குது” என்று எனக்கு முன்னால் அவள்தான் பார்த்தாள். நான் தூணைச் சாய்த்ததில் கோணம் மாறிய அதே மூலை. அடித்து இறக்கத்தான் கை போனது. அடித்தால் கண்ணாடி போகும். கயிற்றை அரையடி பின்னால் விடச் சொல்லி, சோப்புத் தண்ணீர் விட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் ரப்பரின் உதட்டை நெம்பினேன். டப் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கண்ணாடி போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பட்டை உட்கார்ந்த சத்தம் அது.

கண்ணாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் முன்கண்ணாடி லேமினேட்டட்தான் இருக்க வேண்டும், மூலையில் ஏஎஸ்1 என்ற முத்திரை இருக்கும். வெட்டும்போது அந்த மூலை கழிவோடு போய்விடாமல் எதிர்ப்பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பார்ப்பவருக்கு அது என்ன கண்ணாடி என்று நிரூபிக்க வழியில்லை.

யார் இந்த மாதிரிப் பட்டறைக்கு அனுப்பலாம்? கூரையை இறக்கியவர்கள் கட்டாயம். வெறும் ஒடுக்கு, கீறல் என்றால் வேண்டாம், சின்னச் சுத்தியலும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடலாம், பதினொரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. வெல்டிங்குக்கு இவ்வளவு, பாலிஷுக்கு அடிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். அவசரம் இருந்தால் வெல்டை மட்டும் அவர்களிடம் கொடுத்து, தேய்ப்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். மழுங்கிய அந்த மடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அப்படிச் செய்திருக்கலாமே என்று இருக்கிறது.

பின்கண்ணாடிப் பட்டைகளையும் அவர்களுக்கேதான் அனுப்பப் போகிறேன். குழாய் தயார். முதல் சாமானாக உள்ளே போனது புது ரப்பரில் ஒரு முழத் துண்டு, ‘இதுதான் வண்டியில் ஏறப் போகும் ரப்பர்’ என்று பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டி.